வீட்டில் கேஸ் கசிந்தால், தீப்பிடித்தால்: முதல் நிமிடத்திலிருந்து காப்பீட்டுத் தொகை வரை

எங்கள் நெருங்கிய உறவினர் வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. நல்லவேளையாக எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு மருத்துவமனை, காவல் நிலையம், கேஸ் ஏஜென்சி, எண்ணெய் நிறுவனத்தின் அலுவலகம் என்று அலைந்த வேலை பெரும்பாலும் என்னுடையதாக இருந்தது. எங்கே போனாலும், "இதை முதல் நாளே எழுதி வாங்கியிருக்க வேண்டுமே" என்றுதான் சொன்னார்கள். முதல் நாள் அதைச் சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் வீட்டு உபயோகத்துக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரை மனதில் வைத்து எழுதியது இது. புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலைக்காக வேறு ஊரில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள்.

1. வாடை வந்ததும் செய்ய வேண்டியது

சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றமுள்ள பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆகவே அந்த வாடை வந்தால் "பக்கத்து வீடாக இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து அறைக்கு அறை போகும். சாக்கடைக் குழாய், மாடிப்படி வழியாகக் கீழ்த்தளத்துக்கும் இறங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்துக்கு எட்டு அடிச் சமையலறை முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோ கேஸ் போதும். சிலிண்டரில் இருப்பது 14 கிலோ.

செய்யும் வரிசை இது:

அடுப்பு எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரைத் திருகி மூடுங்கள். பூஜை விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் அணையுங்கள். அப்புறம் கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள்.

எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே பொறி வரும். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இருட்டாக இருக்கிறதே என்று லைட்டைப் போடுவார்கள். கேஸ் வெளியே போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுவார்கள். காலிங் பெல், செல்போன், லிஃப்ட் பட்டன் எல்லாமே இதில் சேர்த்திதான். நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் ஃபிரிட்ஜ் தானாக ஓடும், தானாக நிற்கும். அந்தப் பொறியே போதும் என்பதால் உள்ளே நின்று யோசிக்க நேரமில்லை.

மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். ஆனால் வீட்டுக்குள் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை அணைத்ததும் அது தானாக வேலை செய்யத் தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டில் மெயினைத் தொடாமல், வரும் ஆட்களிடம் இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ரெகுலேட்டரை மூடிய பிறகும் சிலிண்டர் தலையில் 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் கசிவு வால்விலேயே இருக்கிறது. ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு நூலில் கட்டித் தொங்கும் மூடியை வால்வின் மேல் வைத்து அழுத்துங்கள். சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று பிடிக்கும், சத்தம் நிற்கும். அந்த மூடி இருப்பதே இதற்காகத்தான். புது சிலிண்டர் வந்ததும் நூலை அறுத்து மூடியைத் தூர எறியும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூடி போட்டு கசிவு நின்றால், முடிந்தால் சிலிண்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய் வையுங்கள். நிமிர்ந்தே இருக்கட்டும், உருட்டக் கூடாது. படுக்க வைத்தால் ஆவிக்குப் பதில் திரவமாகவே வெளியே வரும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும்.

உள்ளே நுழையும்போதே மூச்சு முட்டும் அளவுக்கு வாடை இருந்தால் மேலே சொன்ன எதற்கும் முயலாதீர்கள். அப்படியே வெளியே வந்துவிடுங்கள்.

2. வெளியே வந்த பிறகு போன்

வீட்டை விட்டுத் தள்ளிப் போன பிறகுதான் போனை எடுக்க வேண்டும்.

கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் எண் 1906. 24 மணி நேரமும் இயங்கும். இண்டேன், பாரத் கேஸ், ஹெச்பி கேஸ் மூன்றுக்கும் பொது. தீ, அல்லது கட்டுப்படாத கசிவு என்றால் 1906-க்குக் காத்திருக்காமல் முதலில் 101 அல்லது 112. யாருக்காவது காயம் என்றால் 108.

1906-இல் பேசும்போது புகார் எண் கேட்டு வாங்குங்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள். போனிலுள்ள அழைப்புப் பதிவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். "அன்றைக்கே தகவல் சொன்னீர்களா?" என்ற கேள்வி பின்னால் பலமுறை வரும், அப்போது இந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஏஜென்சி ஆள் வந்து பார்த்து, சரி என்று சொல்லும் வரை உள்ளே போகாதீர்கள். வாடை போனது போலத் தோன்றினாலும் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் கேஸ் தேங்கியிருக்கலாம். நம் மூக்கும் கொஞ்ச நேரத்தில் அந்த வாடைக்குப் பழகிவிடும்.

3. தீப்பிடித்துவிட்டால்

ரெகுலேட்டர் பக்கமோ டியூபிலோ சின்னதாகத் தீ எரிகிறது, கையை நீட்டி எட்டும் தூரம்தான் என்றால், கனமான பருத்தித் துணியையோ சாக்கையோ நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் இருந்து ரெகுலேட்டரை மூடலாம். கேஸ் நின்றால் தீயும் நிற்கும்.

மூட முடியாது என்றால் தீயை மட்டும் அணைக்க முயலக் கூடாது. இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். தீயைப் பார்த்தால் அணைக்கத்தான் தோன்றும். ஆனால் தீ அணைந்து கேஸ் நிற்காவிட்டால் அது அறை முழுவதும் நிரம்பி, அடுத்த பொறியில் மொத்தமாக வெடிக்கும். எரிந்துகொண்டிருக்கும் கேஸைவிட எரியாமல் சேரும் கேஸ் ஆபத்தானது. தீயணைப்பு வீரர்கள்கூட கேஸை நிறுத்த முடியாத நிலையில் அதை எரியவிட்டு, சிலிண்டர் மீதும் சுற்றியும் தண்ணீர் அடித்துக் குளிர வைப்பார்கள்.

சிலிண்டரின் உடல் மீதே தீ படுகிறது என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். உள்ளே அழுத்தம் ஏறி சிலிண்டரே பிளக்கலாம். எரியும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. நகைக்காகவும் பத்திரத்துக்காகவும் திரும்பி உள்ளே போகக் கூடாது.

4. தீக்காயம் பட்டவருக்கு

உடையில் தீ என்றால் ஓடவிடாதீர்கள். தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள், கனமான போர்வையால் மூடுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரைக் காயத்தின் மேல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். மஞ்சள், இங்க், பற்பசை, மாவு எதுவும் பூச வேண்டாம். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும் வலியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக் கொண்டுபோகலாம்.

முகம் கருகியிருந்தாலோ, குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி பொசுங்கியிருந்தாலோ மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் வரக்கூடும். ஆள் நன்றாகப் பேசுகிறாரே என்று தாமதிக்காதீர்கள். தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போவது நல்லது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது.

5. மருத்துவமனையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். தீக்காயம் என்றால் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் குறிப்பார்கள். அதன் நகலை ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்படிக் காயம் பட்டது என்று கேட்கும்போது கூட வந்தவர்கள் பதற்றத்தில், "சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்துவிட்டது" என்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். அது அப்படியே பதிவாகும். கேஸ் விபத்துகளுக்கென்று எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு ஒன்று இருக்கிறது (8-ஆம் பகுதியில் விவரம்). அந்தக் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பதோ, விபத்துக்குக் கேஸ்தான் முதற்காரணமா என்பதை. மருத்துவமனைப் பதிவில் சேலை, காவல் நிலையத்தில் கேஸ், ஏஜென்சி கடிதத்தில் வேறொன்று என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

நடந்தது என்னவோ அதை ஒரே மாதிரி சொல்லுங்கள்: சிலிண்டர் எந்த இடத்தில் கசிந்தது, எத்தனை மணிக்கு, எப்படிப் பற்றியது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வீட்டில் யார் போய் நின்றாலும் அதையே சொல்லட்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பில்லும், மருந்துச் சீட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும் அசலாக ஒரு ஃபைலில் இருக்க வேண்டும். மருந்துக் கடை பில்லுக்கு அதற்குரிய டாக்டர் சீட்டு இல்லையென்றால் அந்த பில்லால் பயனில்லை. இன்னொரு சிக்கல்: உங்களுக்குச் சொந்தமாக மெடிக்ளைம் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் அந்த நிறுவனம் அசல் பில்களை வாங்கிக்கொள்ளும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகலெடுத்து மருத்துவமனை முத்திரையுடன் சான்றொப்பம் வாங்குங்கள். மெடிக்ளைம் எவ்வளவு கொடுத்தது என்ற கடிதத்தையும் வாங்கிவையுங்கள்.

6. ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுங்கள், அன்றே அல்லது மறுநாளே

போனில் சொன்னது போதாது. விபத்தைப் பற்றி ஏஜென்சிக்கு எழுத்துமூலம் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதே எண்ணெய் நிறுவனங்களின் முறை. ஏஜென்சி அதை எண்ணெய் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நீங்கள் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: இணைப்பு யார் பெயரில், நுகர்வோர் எண், 17 இலக்க எல்பிஜி ஐடி, வீட்டு முகவரி, விபத்து நடந்த தேதியும் நேரமும், சிலிண்டர் டெலிவரி ஆன தேதி, சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் எண், காயமடைந்தவர்களின் பெயர்கள், சேதமான பொருட்கள், 1906 புகார் எண். கடைசியில் "எண்ணெய் நிறுவனத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் அனுப்பி, அதன் நகலை எனக்குத் தர வேண்டும்" என்று ஒரு வரி.

இரண்டு பிரதி எடுத்துப்போய் ஒன்றில் முத்திரை, கையெழுத்து, தேதி வாங்குங்கள். "விட்டுட்டுப் போங்க சார், பாத்துக்கறோம்" என்பார்கள். வாங்காமல் நகராதீர்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நிறுவனத்தின் பகுதி அலுவலகத்துக்கும் மின்னஞ்சல் போடுங்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தீயணைப்பு வண்டி போன கையோடு ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து, "சிலிண்டரை மாற்றித் தருகிறோம்" என்று பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் எடுத்துப்போகப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணன்தான் தடுத்தார். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு எல்லாம் எண்ணெய் நிறுவன அதிகாரியும், சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயரும் பார்க்க வேண்டிய சாட்சிகள். பாதுகாப்புக்காக சிலிண்டரை எடுத்தே ஆக வேண்டும் என்று தீயணைப்புத் துறையோ போலீஸோ சொன்னால், முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். சமையலறையைக் கழுவி வெள்ளையடிக்கும் வேலையெல்லாம் சர்வேயர் வந்துபோன பிறகுதான்.

7. காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும்

காயமோ உயிரிழப்போ இருந்தால் புகார் கொடுத்து எஃப்ஐஆர் நகல் வாங்குங்கள். புகார்தாரருக்கு அது இலவசம். சின்னச் சேதம் என்றால் சிஎஸ்ஆர் ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) நிறுத்திவிடப் பார்ப்பார்கள். அதுவாவது கையில் இருக்கட்டும், ஆனால் எஃப்ஐஆர் கேட்டு எழுதிக் கொடுங்கள். தீயணைப்பு வண்டி வந்திருந்தால் அந்த நிலையத்தில் தீ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள்; தீக்கான காரணத்தை அரசுத் துறை ஒன்று எழுதித் தரும் காகிதம் அது.

8. காப்பீடு: எவ்வளவு, எதற்கு, என்ன ஆவணம்

மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களும் கேஸ் விபத்துகளுக்காகப் பொதுவான காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. இதற்கு நீங்கள் தனியாக பிரீமியம் கட்டுவதில்லை, பதிவும் செய்ய வேண்டாம். "நாங்கள் எந்த இன்ஷூரன்ஸும் எடுக்கவில்லையே" என்று கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

உயிரிழப்பு என்றால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. வீடு, பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம். இந்தச் சேதத் தொகை இணைப்பு பதிவாகியுள்ள முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும். காயம்பட்டவர் இணைப்பு வைத்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உயிரிழப்புக்கு: அசல் இறப்புச் சான்றிதழ், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை அல்லது விசாரணை அறிக்கை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். தாமதமானால் கூடுதல் அலைச்சல். பணம் யாருக்குப் போக வேண்டும் என்று வரும்போது வாரிசுச் சான்றிதழ் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வருவதற்கு நாளாகும் என்பதால் இ-சேவை மையத்தில் அதற்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். காயத்துக்கு: அசல் பில்கள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, உள்நோயாளியாக இருந்ததற்கான காகிதங்கள். சொத்துச் சேதத்துக்கு: காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயரின் மதிப்பீடு. அவர் வரும் நாளில் பொருட்களின் பட்டியல், கிடைத்த பில்கள், படங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும்.

சரி, எங்கே நிராகரிக்கிறார்கள்? பதிவான முகவரி வேறு, குடியிருக்கும் வீடு வேறு என்பது முதல் காரணம். அப்பா பெயரில் ஊரில் இருக்கும் இணைப்பின் சிலிண்டரை நகரத்துக்குக் கொண்டுவந்து சமைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கீகாரமில்லாமல் கடைகளில் நிரப்பித் தரும் குட்டி சிலிண்டர், வீட்டு சிலிண்டரை ஹோட்டலில் வைத்து எரிப்பது, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத டியூப், அடுப்பு எல்லாம் கேள்விக்கு இடம் கொடுக்கும்.

9. இழுத்தடித்தால்

முதலில் 1800 2333 555 என்ற இலவச எண்ணில் புகார். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளமான சிபிகிராம்ஸில் பெட்ரோலிய அமைச்சகத்துக்கு. கட்டணம் கிடையாது, 21 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி.

எங்கள் விஷயத்தில் கோப்பு நகர்ந்தது தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பிறகுதான். இந்த எண்ணெய் நிறுவனங்கள் பொதுத்துறை என்பதால் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். "விபத்துத் தகவல் எந்தத் தேதியில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது? அந்தக் கடிதத்தின் நகல் வேண்டும். சர்வேயர் அறிக்கையின் நகல் வேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கள். ஏன் தாமதம் என்று கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் வரும். தேதியும் நகலும் கேட்டால் அப்படி நழுவ முடியாது.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஏஜென்சி "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

10. இன்றைக்கே பார்த்துவிட வேண்டியவை

முகவரி: வீடு மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தம், ஆதார் எடுத்துப்போய் ஏஜென்சியில் மாற்றிவிடுங்கள். நுகர்வோர் எண்ணையும் எல்பிஜி ஐடியையும் போனில் படமாக வைத்து, வெளியில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். தீயில் முதலில் போவது கேஸ் புக்தான்.

டியூப்: ஆரஞ்சு நிறத்தில் வரும் சுரக்ஷா டியூப்பின் ஆயுள் 5 ஆண்டு. அதன் மேலேயே தேதி அச்சாகியிருக்கும். விலை 200 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு துண்டை இணைத்துப் போடாதீர்கள்.

சிலிண்டர் வரும்போது: கைப்பிடி வளையத்துக்கு உட்புறத் தகட்டில் ஏ, பி, சி, டி ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். எழுத்து காலாண்டைக் குறிக்கும், எண் ஆண்டைக் குறிக்கும். பி-27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும். கெடு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

வாஷர்: மூடியைக் கழற்றி வால்வின் வாய்க்குள் பாருங்கள். உள்ளே கறுப்பாக ஒரு சின்ன ரப்பர் வளையம் தெரியும். அது இல்லாமலோ, பிளந்தோ, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டோ இருந்தால் ரெகுலேட்டரை மாட்டியதும் அந்த இடுக்கு வழியாகத்தான் கேஸ் வரும். டெலிவரி கொண்டுவருபவர் எடையும் கசிவும் பார்த்துக் காட்ட வேண்டும். இது அவர் செய்யும் சலுகை கிடையாது, கேட்பது உங்கள் உரிமை. அவர் அவசரப்பட்டாலும் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டரை மாட்டிய பிறகு சோப்பு நுரையை வால்வைச் சுற்றியும் டியூப்பின் இரண்டு முனைகளிலும் தடவிப் பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சியை வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது அப்படிச் செய்தால் தடுங்கள். கசிவு காட்டும் கருவி வாங்குவதாக இருந்தால் அதைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டுங்கள். உத்தரத்தில் மாட்டினால் கேஸ் அங்கே போய்ச் சேரும்போது நேரம் கடந்திருக்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு என்றால் நேர்மாறு: அது காற்றைவிட லேசானது, கருவி மேலே இருக்க வேண்டும்.